திருவாதிரையின் அகலம் கண்ட மைக்கல்சன்

மார்கழி மாதத்து முன்னிரவிலே கீழ்வானை நோக்குவோர்க்குச் செந்நிறமாய் ஒளிரும் விண்மீன் ஒன்று எளிதிற் புலப்படும். சிவபெருமானுக்குரிய நாண்மீன் என நம் முன்னோர் போற்றிய திருவாதிரை அதுவே. மேனாட்டார் அதனைப் பெற்றல்ஜூஸ் என வழங்குவர். எத்துணைப் பெரிய தொலைகாட்டி கொண்டு நோக்கினும் ஒளிப்புள்ளியாகவே தோன்றிவந்த அம்மீனுக்கு ஓர் அகலம் உண்டென்பதையும், அவ்வகலம் இத்துணையது என்பதையும் மனிதர் முதன்முதலிற் கருவி கொண்டு அளந்தறிந்தது 1920ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆந் திகதி இரவிலேயாம். சூரியனொழிந்த வேறெந்த விண்மீனின் அகலமும் அதற்கு முன்னர் அளக்கப்பட்டதில்லை. அவ்வளவையை இயலச்செய்த முறையை வகுத்தவர் அல்பேட் ஏபிரகாம் மைக்கல்சன் என்னும் அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர். நம் மாணவர் இவர் பெயரை ஈதரைத் தேடிக் காணாத பரிசோதனை ஒன்றனோடு மட்டும் சேர்த்துப் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அன்னாரின் வாழ்வை வானியலின் பக்கமாக நின்று நோக்குதல் பயனுடைத்து.

இன்று போலந்து நாட்டிலுள்ளதும், அக்காலத்திற் பிரசியாவின் ஆட்சிக்குட்பட்டிருந்ததுமான இஸ்திரெல்னோ என்னும் சிற்றூரில், 1852ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆந் திகதி, யூதக் குடும்பமொன்றில் மைக்கல்சன் பிறந்தார். அவர் மூன்று வயதை எய்துமுன்னரே பெற்றோர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். பொன்னும் வெள்ளியும் தோண்டுவோர் திரண்டிருந்த கலிபோர்ணியா, நெவாடா மாகாணங்களின் சுரங்கப்பட்டினங்களில் தந்தையார் கடை வைத்துப் பிழைத்தார். மைந்தனோ சான் பிரான்சிஸ்கோ நகரிற் கல்வி கற்றான். 1869ஆம் ஆண்டிற் கடற்படைக் கல்லூரியிற் சேர விரும்பிய இளைஞனுக்குத் தன் மாகாணத்துக்குரிய இடம் கிட்டவில்லை. அவ்வாண்டிலேதான் கண்டத்தை ஊடறுத்து இருப்புப்பாதை இட்டு முடித்திருந்தனர். பதினாறு வயதுச் சிறுவன் அப்பாதை வழியே தன்னந்தனியனாய்த் தலைநகர் சென்று, சனாதிபதி கிரான்ற் அவர்களையே நேரிற் கண்டு முறையிட்டான். சனாதிபதி தம் விருப்பப்படி நியமிக்கத்தக்க பத்து இடங்களும் அப்போது நிரம்பிவிட்டன. ஆயினும் பதினோராவதாக ஓர் இடம் அச்சிறுவனுக்கு அளிக்கப்பட்டது. விதி மீறிய அந்த ஒரு நியமனத்தால் உலகம் பெற்ற பயன் சிறிதன்று.

1873ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று வெளியேறியபோது ஒளியியலில் வகுப்பின் முதல்வராக விளங்கிய அவர், மாலுமிக் கலையிற் பின்வரிசையில் நின்றார். ஈராண்டு கடலிற் கழித்த பின்னர் அதே கல்லூரியிற் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கும் போதனாசிரியரானார். மாணவர்க்கு ஒளியின் வேகத்தை விளக்கிக் காட்டவேண்டி வந்தமையே அவர் வாழ்நாளின் வழியை வகுத்தது எனலாம். சுழலும் ஆடியொன்றினால் ஒளிவேகத்தை அளக்கும் முறையைப் பிரான்சு நாட்டவரான பூக்கோ முன்னரே கையாண்டிருந்தார். அதனைத் திருத்திய மைக்கல்சன், மாமனார் உதவிய இரண்டாயிரம் டொலரைக் கொண்டு கருவியமைத்தார். கல்லூரியின் கடலோர மதிலை ஒட்டி ஏறத்தாழ 2,000 அடி தூரத்துக்கு ஒளியைப் போக்கி மீளச்செய்து, 1879ஆம் ஆண்டில் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 299,900 கிலோமீற்றர் எனக் கணித்தார். இன்று நாம் கொள்ளும் அளவிலிருந்து இது ஆயிரத்தில் ஒரு பங்கேனும் வேறுபடவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

மறு ஆண்டில் ஐரோப்பா சென்று பேர்லினில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் பெரும் பேராசிரியரின் ஆய்கூடத்திற் பயின்றார். அங்கேதான், 1881ஆம் ஆண்டில், தலையீட்டுமானி என்னும் கருவியை முதன்முதல் அமைத்தார். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் அதற்குப் பணம் உதவினார்.

தலையீடு என்றால் என்னை? கோயிற் கேணியிலே இரண்டு கற்களை அருகருகே எறிந்தால் இருவகை வட்ட அலைகள் எழுந்து ஒன்றையொன்று ஊடறுக்கும். முடியும் முடியும் சந்திக்கும் இடத்தில் நீர் மிக உயரும். முடியும் தாழியும் சந்திக்கும் இடத்தில் நீர் அசைவற்றிருக்கும். ஒளியும் அத்தகைய அலையே. ஓரிடத்துப் பிறந்த ஒளியை இருகூறாக்கி வெவ்வேறு வழியிற் செலுத்தி மீண்டும் ஒன்றுசேர்த்தால், ஒளிவரியும் இருள்வரியும் மாறிமாறித் தோன்றும். இரு வழிகளில் ஒன்று மற்றையதிலும் ஓர் அலைநீளத்தின் சிறு பங்கு நீண்டாலும் அவ்வரிகள் இடம்பெயர்ந்து அதனைக் காட்டிக்கொடுக்கும். அலைநீளமோ ஓரங்குலத்தின் நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. இவ்வாறு ஒளியையே அளவுகோலாக்கியதுதான் மைக்கல்சனின் தனிப் பெருமை. பேர்லின் வீதிகளின் போக்குவரத்தினாலேயே வரிகள் நடுங்கிக் குழம்பியமையால், கருவியைப் பொற்ஸ்டாம் வானிலையத்தின் நிலவறைக்குக் கொண்டுபோக நேர்ந்தது என்றால் அதன் நுண்மையை உய்த்துணரலாம்.

கடற்படைப் பதவியைத் துறந்து கிளீவ்லாந்து நகரத்துக் கேஸ் பிரயோக விஞ்ஞானக் கல்லூரியிற் பேராசிரியரான பின்னர், அயற்கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் எட்வேட் மோளியுடன் சேர்ந்து அவர் செய்த பரிசோதனையைப் பலரும் அறிவர். அதற்கு முன்னர் அவர் பட்ட துன்பத்தைச் சிலரே அறிவர். இடைவிடாத உழைப்பினால் 1885ஆம் ஆண்டில் மனத்தளர்ச்சியுற்று நியூயோர்க் நகரிற் சிகிச்சை பெற்றார்; அவர் இனி ஆய்வுக்கு மீளார் என மோளியே எண்ணினார். மீண்டு வந்த மறு ஆண்டிற் கல்லூரிக் கட்டடம் தீக்கிரையாயிற்று. இத்தனைக்கும் பின்னரே 1887ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ஐந்தடிச் சதுரமான கற்பாளத்தை இரசத்தின்மேல் மிதக்கவிட்டு, அதன்மேற் கருவியை நிறுவி, ஈதர் என்னும் ஊடகத்திற் பூமி செல்லும் வேகத்தை அறிய முயன்றனர். வரிகள் ஒரு வரியகலத்தில் நாற்பது சதவீதம் பெயரும் என எதிர்பார்க்கப்பட்டது. இருபதில் ஒரு பங்கேனும் பெயரவில்லை. எதிர்பார்த்தது காணாமற் போனதே உண்மையெனக் கொண்ட புதுப் பௌதிகம் பின்னர் எழுந்தது. மைக்கல்சனோ தம் இறுதிக்காலம்வரை ஈதரை முற்றாகக் கைவிட மனங்கொள்ளவில்லை. அளவைகளில் அத்துணை நேர்மையுடைய ஒருவர், தம் அளவை எடுத்துரைத்த முடிபை ஏற்கத் தயங்கியது வியப்பே.

இனி நம் பொருளுக்கு வருவோம். 1890ஆம் ஆண்டில், தலையீட்டு முறையை வானியல் அளவைகளிற் பயன்படுத்துதல் பற்றி மைக்கல்சன் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் கருத்து வருமாறு.

தொலைகாட்டியொன்றின் கூர்மை அதன் ஆடியின் அகலத்தைப் பொறுத்தது. ஆடியின் ஒரு கோடியிற் பட்ட ஒளியலையும் மறு கோடியிற் பட்ட ஒளியலையும் குவியத்திலே கூடித் தலையிடுதலே இக்கூர்மைக்குக் காரணம். ஆகவே ஆடியின் நடுப்பாகம் முழுவதையும் மூடிவிட்டு, இரு கோடிகளில் இரண்டு சிறு துளைகளை மட்டும் திறந்துவைத்தாலும் அக்கூர்மை அழியாது. ஒளி குறையும், உருவம் கெடும், ஆயினும் நுண்மை எஞ்சும். விண்மீன் இருந்த இடத்தில் மெல்லிய வரிகள் ஊடோடிய ஓர் ஒளிப்பொட்டுத் தோன்றும். விண்மீன் உண்மையில் ஒரு புள்ளியேயாயின், துளைகளை எவ்வளவு தூரம் விலக்கினும் அவ்வரிகள் தெளிவாகவே நிற்கும். அதற்கு ஓர் அகலம் இருக்குமாயின், அதன் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளி ஒரு வரிக்கூட்டத்தையும், மறு பக்கத்து ஒளி சற்றே விலகிய வேறொரு வரிக்கூட்டத்தையும் தோற்றுவிக்கும். துளைகளை விலக்குந்தோறும் ஒன்றன் ஒளிவரி மற்றையதன் இருள்வரிமேற் படிந்து, ஈற்றில் வரிகள் அனைத்தும் மறைந்துபோம். எந்த இடைத்தூரத்தில் மறைந்தன என்று பார்த்தால், விண்மீனின் அகலத்தை நேரே கணித்துவிடலாம். பெரிய விண்மீனாயின் சிறு தூரத்திலும், சிறிய விண்மீனாயின் நெடுந்தூரத்திலும் வரிகள் மறையும்.

இம்முறையில் அளப்பவர் காண்பது விண்மீனின் உருவத்தை அன்று. வரிகள் மறைதலையே அவர் காண்கின்றார். உயர்தர வகுப்பு மாணவர் ஆய்கூடத்தில் இரட்டைப் பிளவுப் பரிசோதனை செய்யும்போது, பிளவுகளுக்கு முன்னுள்ள விளக்கின் வாயிலை மெல்ல அகலமாக்கிப் பார்ப்பாராயின் வரிகள் மங்கி மறைவதைத் தம் கண்ணாலேயே காண்பர். திருவாதிரையை அளந்த முறை அதுவேயன்றி வேறில்லை.

இதற்கு முன்னோடிகளும் இருந்தனர். பிரான்சு நாட்டவரான பிசோ 1868ஆம் ஆண்டளவில் இவ்வெண்ணத்தைச் சுருங்கக் கூறியிருந்தார். மார்செய் நகர வானிலையத்தின் ஸ்தெபான் 1873, 1874ஆம் ஆண்டுகளில் 80 சதமமீற்றர்த் தொலைகாட்டியின் வாயை மூடி இரு துளைகள் இட்டு விண்மீன்களை நோக்கினார். எதன் வரிகளும் மறையவில்லை. ஆகவே அவற்றின் அகலம் 0.16 விகலையிலும் குறைந்தது என்று மட்டும் அவராற் கூறமுடிந்தது. வானத்தை முந்நூற்றறுபது பாகையாகவும், பாகையை அறுபது கலையாகவும், கலையை அறுபது விகலையாகவும் பகுக்கும் கணக்கு நம் சோதிட நூல்களை அறிந்தார்க்குப் புதியதன்று. சூரியனின் தோற்ற அகலம் ஏறத்தாழ 1,900 விகலை என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

1891ஆம் ஆண்டில் மைக்கல்சன் கலிபோர்ணியாவின் லிக் வானிலையத்துப் பன்னிரண்டங்குலத் தொலைகாட்டியில் நகரும் இரு பிளவுகளைப் பூட்டி, வியாழனின் நான்கு பெருஞ் சந்திரர்களின் அகலங்களை அளந்தார். அவை ஒவ்வொன்றும் ஒரு விகலைக்குச் சற்றுக் குறையவோ கூடவோ இருந்தன. முறை செம்மையானது என்பது உறுதிப்பட்டது. ஆயினும் விண்மீன்களை அவர் அப்போது தொடவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டு அவ்வெண்ணம் கிடப்பிற் கிடந்தது. மறதியை இதற்குக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. துளைகளைப் பல அடி விலக்கி, அவற்றின் இரு ஒளிவழிகளையும் அலைநீள அளவுக்குச் சமனாக வைத்திருக்கத்தக்க உறுதியான பீடம் அக்காலத்தில் எங்கும் இருக்கவில்லை என்பதே என் கருத்து.

இடைப்பட்ட காலத்தில் அவர் சோம்பியிருக்கவுமில்லை. பாரிசு நகரை அடுத்த சர்வதேச நிறை அளவைப் பணியகத்தில் 1892, 1893ஆம் ஆண்டுகளில் இருந்து, ஒரு மீற்றரில் கட்மியத்தின் செவ்வொளி அலைகள் 1,553,163.5 அடங்கும் என எண்ணித் தந்தார். 1960ஆம் ஆண்டில் உலகநாடுகள் மீற்றரை ஒளியலையாலேயே வரையறுத்தமைக்கும் அதுவே அடிகோலியது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பகுதிக்குத் தலைவரானார். 1907ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. விஞ்ஞானத்துக்காக அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. ஓய்வு வேளைகளில் நீர்வர்ண ஓவியம் தீட்டுதலிலும் வயலின் வாசித்தலிலும் ரெனிஸ் ஆடுதலிலும் பெருவிருப்புடையர். முதல் உலகப் போரின்போது, அறுபது வயதைக் கடந்த நிலையில், மீண்டும் கடற்படைச் சீருடை அணிந்து பணியாற்றினார்.

1917ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவின் வில்சன் மலைமேல் நூறங்குல அகல ஆடியுடைய ஹூக்கர் தொலைகாட்டி நிறுவப்பட்டது. அது அக்காலத்தில் உலகிற் பெரியது. அவ்வானிலையத்தின் தலைவர் ஹேல் அவர்கள் மைக்கல்சனை அழைத்தார். 1919ஆம் ஆண்டில் அங்கே சோதித்தபோது ஓர் இனிய உண்மை வெளிப்பட்டது. வளிமண்டலக் கொந்தளிப்பினால் விண்மீனின் உருவம் கலங்கித் தோன்றும் இரவுகளிலும் சிறுதுளை வழிவந்த வரிகள் ஆடியசைந்தபடியே தெளிவாகத் தெரிந்தன. பெரிய ஆடியைக் குருடாக்கும் காற்று, சிறு துளைகளை அவ்வளவு வருத்தவில்லை. அம்முறையால் அண்டர்சன் என்னும் வானியலாளர் கப்பெல்லா என்ற இரட்டை விண்மீனின் இரு கூறுகளையும் பிரித்தளந்தார். அவற்றின் இடைவெளி ஒரு விகலையின் இருபதில் ஒரு பங்கு அளவே.

விண்மீன்களின் அகலத்துக்கோ நூறங்குலமும் போதவில்லை. துளைகள் இரண்டும் ஒரே ஆடியின்மேல் இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை என்பதை மைக்கல்சன் அறிவார். எனவே தொலைகாட்டியின் வாயிலுக்குக் குறுக்கே இருபதடி நீளமான உருக்குச் சட்டமொன்றைப் பொருத்தினர். அதன் இருபுறத்தும் ஆறங்குல ஆடிகள் சாய்வாக நிறுத்தப்பட்டன. அவை விண்மீனின் ஒளியை வாங்கி உள்நோக்கித் திருப்ப, நடுவிலிருந்த வேறிரு ஆடிகள் அதனைப் பெருந்தொலைகாட்டியுள் இறக்கின. வெளியாடிகளைச் சட்டத்தின்மேல் விலக்கவும் நெருக்கவும் கூடும். நூறு தொன் நிறையுடைய பேரியந்திரம் இங்கே செய்த வேலை அச்சட்டத்தை அசையாது சுமந்து வானோடு திருப்புவதே. விண்மீனை உண்மையில் நோக்கியவை கையகலக் கண்ணாடிகள் இரண்டே. ஒளிவழிகள் சமனாதற்பொருட்டு ஆப்பு வடிவான கண்ணாடிகளைச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டியிருந்தது.

எந்த விண்மீனை முதலில் நோக்குவது? திருவாதிரையின் தோற்ற அகலமே பெரிதாயிருக்கும் என்றும், அது 0.051 விகலை அளவினதாகலாம் என்றும் ஆங்கில வானியலறிஞர் எடிங்டன் அவ்வாண்டிலேயே கணக்கிட்டுக் கூறியிருந்தார். டிசம்பர் 13ஆந் திகதி இரவு, வெளியாடிகள் 121 அங்குலம் விலகி நின்றபோது, பீஸ் என்னும் வானியலாளர் தொலைகாட்டியைத் திருவாதிரைமேற் செலுத்தினார். வரிகள் இல்லை. கருவியிற் பிழையோ எனச் சோதிக்க வேறு விண்மீன்களை நோக்கினர். அங்கே வரிகள் இருந்தன. மீண்டும் திருவாதிரை, மீண்டும் வரிகள் இல்லை. அதன் அகலம் 0.047 விகலை எனப் பெறப்பட்டது. ஓரங்குல அகலமான நாணயத்தை ஏறத்தாழ எழுபது மைலுக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு தோன்றுமோ அவ்வளவே இக்கோணம். முப்பதாண்டு முன்னர் இம்முறையை வகுத்த மைக்கல்சன் அவ்விரவில் மலைமேல் இருக்கவில்லை. தூரத்துச் சிக்காகோவில் இருந்தார். அம்மாத இறுதியில் அந்நகரிற் கூடிய விஞ்ஞானிகள் முன்னிலையிற் செய்தியை வெளியிட்டபோது பத்திரிகைகள் அதனைப் பெரிதாகப் பிரசுரித்தன.

அன்று கொள்ளப்பட்ட தூரக் கணக்கின்படி திருவாதிரையின் விட்டம் 24 கோடி மைல் ஆயிற்று. தூரம் பற்றிய அக்கணக்குப் பின்னர் பெரிதும் மாறியது. திருவாதிரை அன்று எண்ணியதிலும் மிகத் தொலைவில் உள்ளது என்றும், அதன் விட்டம் சூரியனுடையதைப்போல் எழுநூறு மடங்குக்கும் மேலாகலாம் என்றும் இன்று கணிக்கின்றனர். சூரியன் இருக்குமிடத்தில் அதனை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் அதனுள் அடங்கிவிடும். மைல்கள் மாறினவேயன்றி, சட்டத்தின்மேல் அளந்த கோணம் பெரிதும் மாறவில்லை. இக்காலக் கருவிகள் தரும் அளவும் அதற்கு அண்மையதே.

முதுமையில் மைக்கல்சன் தம் முதற் காதலாகிய ஒளிவேகத்துக்கே திரும்பினார். வில்சன் மலைக்கும் 22 மைலுக்கு அப்பாலுள்ள சான் அந்தோனியோ மலைக்கும் இடையே ஒளியை அனுப்பி, 1926ஆம் ஆண்டளவிற் செக்கனுக்கு 299,796 கிலோமீற்றர் என முடிவுகண்டார். இன்று வரையறுக்கப்பட்ட அளவுக்கு இது நான்கே கிலோமீற்றர் கூடியது. அதிலும் திருப்தியுறாது, காற்றகற்றிய ஒரு மைல் நீளக் குழாயினுள் மீண்டும் அளக்கத் தொடங்கினார். 1931ஆம் ஆண்டு சனவரியில் ஐன்ஸ்ரைன் கலிபோர்ணியாவுக்கு வந்தபோது இருவரும் சந்தித்தனர். அவ்வாண்டு மே மாதம் 9ஆந் திகதி, குழாய்ப் பரிசோதனை முடியாத நிலையில், பசடீனா நகரில் மைக்கல்சன் காலமானார். அதனை நிறைவேற்றியவர் பீஸும் அவர்தம் துணைவருமே.

பீஸ் ஐம்பதடிச் சட்டமொன்றையும் அமைத்தார். அது வளைந்தும் அதிர்ந்தும் எண்ணிய பயன் தரவில்லை. பின்னர் நெடுங்காலம் இத்துறை உறங்கியது. அவுஸ்திரேலியாவின் நராபிறையில் ஹன்பெரி பிறவுணும் துணைவரும் 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் வேறொரு வகைத் தலையீட்டுமானியால் 32 விண்மீன்களை அளந்தனர். 1974ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நீசு நகரில் லபேரி என்பவர் பன்னிரண்டு மீற்றர் இடைவெளியில் நின்ற, கால் மீற்றர் அளவான இரு தனித் தொலைகாட்டிகளின் ஒளியைச் சேர்த்து வரிகளைக் கண்டார். அதன்பின் வழி திறந்தது. கேம்பிரிட்ஜில் நாற்பது சதமமீற்றர்த் தொலைகாட்டிகள் மூன்றைச் சேர்த்து, அண்டர்சன் அளந்த அதே கப்பெல்லாவின் இரு கூறுகளையும் 1995ஆம் ஆண்டிற் படமாகவே எடுத்தனர். மைக்கல்சன் பயின்ற அமெரிக்கக் கடற்படையும் அரிசோனாவில் இத்தகைய வானிலையம் ஒன்றை நிறுவியது. 2015ஆம் ஆண்டில் ஈர்ப்பலைகளை முதன்முதல் உணர்ந்த கருவியும், பொற்ஸ்டாம் நிலவறையில் இருந்த அதே கருவி, நான்கு கிலோமீற்றர் நீண்ட கைகளுடன் வளர்ந்ததேயாகும்.

வில்சன் மலையிலேயே இன்று ஒரு மீற்றர் அகலத் தொலைகாட்டிகள் ஆறு, மரங்களினிடையே முந்நூறு மீற்றருக்கு மேற்பட்ட தூரம் வரை பரந்து நிற்கின்றன. அவற்றின் ஒளி குழாய்களின் வழியே ஒரு நீண்ட மண்டபத்தை அடைந்து, தண்டவாளத்தில் ஓடும் ஆடிகளால் வழி சமனாக்கப்பட்டு ஒன்றுசேர்கின்றது; ஆறும் கூடி முந்நூறு மீற்றர் அகலத் தொலைகாட்டியொன்றின் கூர்மையைத் தருகின்றன. 1920ஆம் ஆண்டிற் திருவாதிரையை அளந்த இருபதடிச் சட்டமும் அம்மலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.